சென்னியப்பன் வீட்டுக்குப் பின்னால் நின்ற மலை

சென்னியப்பனை நான் முதன்முதலில் பார்த்தது கஞ்சிக்கோட்டில், நான் வேலை பார்க்கும் குழாய் ஆலையின் வாசலில். காலை ஷிப்டுக்கு வந்தவரைக் காவலாளி ஜோபி மேசைக்கு முன்னால் நிறுத்தி வைத்திருந்தார். மேசைமேல் ஒரு சோற்றுப் பாத்திரம், ஒரு துண்டு, துண்டுக்குள்ளிருந்து தலைநீட்டிய கறுப்பு உருளை ஒன்று. என்னை அழைத்ததற்கு நான் டைம் ஆபீஸில் இருப்பது மட்டும் காரணமில்லை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், அதுவும் இயற்பியல். அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. அதனால் வாசலில் புரியாத பொருள் எது வந்தாலும் ‘பி.எஸ்ஸி.க்காரனக் கூப்பிடு’ என்று வழக்கமாகிவிட்டது.

“சாரே, இது எந்தா சாதனம்? கேட்டா லென்ஸுன்னு சொல்லுறான். லென்ஸ் மூக்குக் கண்ணாடியிலல்லோ இருக்கும்? இது துப்பாக்கிக் குழலு மாதிரி உண்டு” என்றார் ஜோபி.

“ஜூம் லென்ஸுங்க சார். கேமரா வண்டிப் பொட்டியில இருக்குதுங்க. ரெண்டையும் ஒண்ணா வெச்சா குழியில எறங்கறப்ப இடிச்சுக்குமுங்க. அதனால இதைய மட்டும் சோத்துப் பையில வெச்சனுங்க.”

“உள்ள கேமரா கொண்டுவரக் கூடாதுன்னு போர்டு இருக்குதே, பாக்கலையா?”

“கேமரா வெளியதானுங்க இருக்குது. இது வெறுங் கண்ணாடிங்க.”

பதில் சரியாகத்தான் இருந்தது. அவ்வளவு சரியாக இருந்ததே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. கேமராவை எடுத்துவரச் சொன்னேன். கைக்கு அடக்கமான மிரர்லெஸ் கேமரா. கோயமுத்தூரில் ஏதோ கல்யாண ஸ்டுடியோக்காரர் புதிது வாங்கியபோது தள்ளிவிட்டது. அதிலிருந்த வீடியோவை ஜோபியும் நானும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். திரை நிறைய வாளையார் மலை. பனைகளுக்குப் பின்னால் நீலமாக நின்றது. மேகத்தின் நிழல் ஒன்று அதன் தோளில் ஏறி, சரிந்து, இறங்கிப் போயிற்று. மலை அப்படியே நின்றது. அடுத்த வீடியோவிலும் அதே மலை.

“ஒண்ணும் நடக்கணில்லல்லோ!” என்றார் ஜோபி. “ஆளில்ல, ஆனை இல்ல. ஒண்ணும் நடக்காத வீடியோ ஒருத்தன் எதுக்கு எடுக்கணும்? அதாணு எனக்கு சம்சயம்.”

எனக்கும் அதுதான். ஆனாலும் மலையைப் படம் பிடிக்கக் கூடாதென்று எந்த போர்டும் இல்லை. உள்ளே விட்டேன்.

சந்தேகம் விடவில்லை. எனக்கு ஊர் எலப்புள்ளி. அவருக்கு வடகரப்பதிப் பக்கம், வேலந்தாவளத்தை ஒட்டிய தோட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேலந்தாவளம் வரை வேலை இருப்பதுபோல் வண்டியை விட்டேன். வேலை ஒன்றும் இல்லை. அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கத்தான். நிலக்கடலைக் காட்டு வரப்பில் கேமராவுக்கு முக்காலி நட்டிருந்தார். முக்காலியின் நடுக் கொக்கியில் கல் நிரப்பிய சிமெண்டுச் சாக்கு ஒன்று தொங்கிற்று.

“கல்லு எதுக்குங்க?”

“காத்துங்க தம்பி. நம்ம கணவாய்க் காத்து ஆளையே தள்ளுது, இது எம்மாத்தரம்? ஜூம் போட்டுட்டா ஒரு மயிரிழை ஆடினாலும் மலையே பூகம்பம் வந்தாப்புல குலுங்கும்.”

கேமராவைத் தொடாமல், கைபேசியிலிருந்தே பதிவைத் தொடங்கினார். ஓடும்போது ஜூமைத் திருகவே மாட்டாராம். திருகினால் இந்த லென்ஸில் படம் இருண்டுகொண்டே போகும்; கல்யாண வீடியோ மாதிரியும் ஆகிவிடும் என்றார். வெயில் ஏறியதும் எல்லாவற்றையும் மூட்டை கட்டினார். தரை சுட்டுவிட்டால் தூரத்துக் காட்சி கானல்பட்டு நெளியுமாம்.

இவ்வளவு பாடும் எதற்கு என்று நான் மட்டும் கேட்கவில்லை, ஊரே கேட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பெண் துணி காயப்போடும் கொடியை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றிக் கட்டினாள். அவர் கேமரா அந்தப் பக்கமே திரும்பியதில்லை என்பது வேறு விஷயம். டீக்கடையில், யாரோ தண்ணீர்க் கம்பெனிக்காரனுக்கு நிலம் வேவு பார்க்கிறான் என்று பேச்சு. அவரிடமே கேட்டேன்.

“மொதல்ல கூட வந்த சின்ன லென்ஸுல எடுத்தனுங்க. எல்லாம் வந்துச்சு, மலை மட்டும் கறையாம்புத்தாட்டம் ஓரத்துல கெடந்துச்சு. எம்பட கண்ணுக்கு மலை அப்படியா இருக்குது? பொறந்ததுலருந்து பெருசாத்தான பாத்துட்டு இருக்கறன்? அப்பறம் இதைய மாட்டிப் பாத்தனுங்க. அட, இதுதான் நம்ம மலைன்னு இருந்துச்சு.”

அன்றிலிருந்து அவரோடு பழக்கம். ஐ.டி.ஐ. முடித்து ஆலையில் இயந்திரம் ஓட்டுகிறவர், அப்பா பொங்கியண்ணன் தென்னையும் கடலையும் வைத்துப் பிழைக்கிறவர், வயது முப்பத்து மூன்று, பெண் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் தோட்டமும் ஆலை வேலையும் உள்ள ஆண்பிள்ளைகள் பலருக்கும் இந்தக் கதைதான். சென்னியப்பனுக்கு மேற்கொண்டு கேமரா. ‘மாப்ள விடியறதுக்குள்ள குழாயத் தூக்கிட்டுக் காட்டுக்குள்ள போறானாமே’ என்று விசாரித்துவிட்டு, வந்த இடமெல்லாம் வந்த வழியே போயின.

அப்படியிருக்கையில் உடுமலைத் தரகர் ஒருவர் மூலம் மூணாறுப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஒரு இடம் வந்தது. பெண் மோனிஷா, மருந்துக் கடையில் வேலை. அப்பா மொக்கையன் எஸ்டேட் தொழிலாளி, அம்மா சாந்தம்மாள் கொழுந்து எடுப்பவர், அண்ணன் ஜெகன் ஜீப் டிரைவர். போட்டோ பார்த்து இரு பக்கமும் பிடித்துப்போயிற்று. மலையிறங்கி வருவது ஒரு நாள் பாடு என்பதால் மொக்கையன், ‘முதலில் வீட்டை ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க, பிறகு நேரில் வர்றோம்’ என்று சொல்லியனுப்பினார். இப்போதெல்லாம் அது வழக்கம்தான். கைபேசியைப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து அடுப்படி வரை நடந்து, ‘இது ஹாலுங்க, இது பூஜை ரூமுங்க’ என்று எடுத்து அனுப்புவார்கள்.

சென்னியப்பன் அப்படிச் செய்யவில்லை. வீட்டுக்கு எதிரே கடலைக் காட்டைத் தாண்டி, அதற்கும் அப்பால் ஏரி மேட்டில் போய் நின்று, ஜூமை முழுதாக நீட்டி, விடிகாலை வெளிச்சத்தில் எடுத்தார். அழகான படம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஓட்டு வீடு, வாசலில் பசு, பொங்கியண்ணன் பல் துலக்குகிறார், கூரைக்குப் பின்னால் வானத்தை மறைத்துக்கொண்டு வாளையார் மலை.

அதை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், ஜெகன் வீட்டு டிவியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அங்கே நடந்ததை மோனிஷா பிறகு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

“கொல்லையிலேயே மலை நிக்குதேப்பா” என்றானாம் ஜெகன்.

“கொல்லையில எங்கடா நிக்குது? கூரை மேல சாஞ்சுல்ல நிக்குது” என்றாராம் மொக்கையன்.

சாந்தம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார். “தரகரு சமவெளின்னாரு. ஆன வராது, அட்டை கடிக்காது, பாறை உருளாதுன்னாரு. அந்தாளு ஒரு மலையவே மறைச்சுப்புட்டாரே!”

உடனே பொங்கியண்ணனுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார், நானும் அன்று அங்கே இருந்தேன்.

“ஏங்க, ஒங்க வீட்டுக்கும் மலைக்கும் எம்புட்டுத் தூரம்?”

“மலைங்களா? அது கெடக்குதுங்க, வாளையார்ப் பக்கம். பஸ்ஸேறிப் போவோணுமுங்க.”

“பஸ் ஏறியா? வீடியோவுல கைய நீட்டுனா ஆம்புடுற மாதிரில்ல இருக்கு?”

“வீடியோ என்னுங்க வீடியோ. பையன் ஏதோ கொழாய மாட்டி எடுத்துருப்பானுங்க.”

அந்தக் ‘கொழாய்’ காரியத்தைக் கெடுத்தது. ஏதோ கருவி வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்து மொக்கையன் போனை வைத்துவிட்டார்.

சென்னியப்பன் பதறிப்போய் அன்று மாலையே இன்னொரு வீடியோ எடுத்தார். இந்த முறை சின்ன லென்ஸ், வாசலுக்குப் பக்கத்திலேயே நின்று. வீடு திரையை அடைத்துக்கொண்டது. மலை கூரைக்கு மேல் ஒரு நீலக் கோடாகிவிட்டது. இதைப் பார்த்தால் தெளிந்துவிடுவார்கள் என்று நம்பி அனுப்பினார். நானும்தான் நம்பினேன்.

“மலைய அழிச்சுட்டானுகப்பா” என்றிருக்கிறான் ஜெகன். “இப்பத்தான் ஏஐ வந்திருச்சுல்ல. ஆளையே அழிக்கிறானுக, மலைய அழிக்க எம்புட்டு நேரம்?”

மொக்கையன் அதற்கு மேல் போனார். “மலை இருந்தாக்கூடப் பொறுத்துக்கிருவேன். இருக்குற மலைய இல்லைன்னு காட்டுறவன் நாளைக்கு என்னத்தத்தான் மறைக்க மாட்டான்? சம்பளத்த மறைப்பான், சீக்க மறைப்பான். வேற கல்யாணமே மறைச்சிருப்பான்.”

இந்தப் பக்கமும் சும்மா இல்லை. சென்னியப்பனின் அம்மா, “மலையச் சாக்கு வெக்கறாங்க. அதைய விடப் பெரிய எடம் ஏதோ வந்துருக்குது, பாரு” என்று ஆரம்பித்தார். மலைக்கு மேலும் கீழும் நம்புகிற ஆள் ஒருவரும் மிச்சமில்லை.

விஷயம் இவ்வளவுதான். வீட்டுக்குப் பக்கத்தில் நின்றால் வீடு பெரிது, மலை சிறிது. வீட்டிலிருந்து வெகுதூரம் பின்னால் போனால் வீடு சிறுத்துவிடும். மலை ஏற்கெனவே எட்டாத தூரத்தில் இருப்பதால் அது சிறுப்பதில்லை. அங்கே நின்று ஜூம் போட்டு வீட்டைப் பெரிதாக்கும்போது மலையும் கூடவே பெருத்து, வீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. லென்ஸ் பொய் சொல்லவில்லை. நின்ற இடம்தான் அப்படிக் காட்டுகிறது. படித்தவன் என்கிற முறையில் இதை விளக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். மொக்கையனை வீடியோ காலில் அழைத்து, சொம்பை மலையாகவும் டம்ளரை வீடாகவும் வைத்து, கைபேசியை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டினேன். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி என்ன படிச்சிருக்கீக?”

“பி.எஸ்ஸி. பிசிக்ஸுங்க.”

“அதான். படிக்காத ஆளு பொய் சொன்னா முகத்துல தெரிஞ்சிரும். நீங்க சொம்பு, டம்ளரெல்லாம் வச்சுல்ல சொல்லுதீக. இம்புட்டு ஏற்பாடு பண்ணி ஒருத்தரு பேசுனா, எனக்கு இன்னும்ல பயமா இருக்கு.”

மறுநாள் மோனிஷாவே சென்னியப்பனுக்குப் போன் செய்தாள். ஆலை கேன்டீனில் என்னிடம் அவர் அதைச் சொன்னபோது சோறு தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

மொக்கையனின் தங்கை வேறொரு எஸ்டேட்டில் வாழ்க்கைப்பட்டவர். லயத்துக்குப் பின்னால் மலை. ஒரு ஆடி மழையில் மண் இறங்கி வந்து வரிசையில் கடைசி இரண்டு வீடுகளைக் கொண்டுபோயிற்று. தங்கை கடைசி வீட்டில் இருந்தார். அந்த இடத்துக்குப் பெண் கொடுக்கப் பேசி முடித்தவர் மொக்கையன்தான். ‘அப்பா ஒங்க மேல கோவப்படலங்க’ என்றாளாம் மோனிஷா. ‘கூரைக்குப் பின்னாடி மலையப் பாத்தாலே அவருக்கு அந்த வீடுதான் தெரியுது. ரெண்டு வீடியோலயும் அதே பசுதான் கட்டியிருக்கு, ஒரே வீடுதான்னு எனக்குத் தெரியுதுங்க. அவரு நம்ப மாட்டேங்காரு. அவரு மனசு ஒப்பாம நான் வர மாட்டேன்.’

“அந்தப் புள்ள ஒருத்திதான் தம்பி, என்ற மலை வீடியோவெல்லாம் முழுசாப் பாத்தேன்னு சொன்னது” என்றார் சென்னியப்பன். “இதும் போச்சுன்னா இனி எனக்கில்ல. லென்ஸ வித்தரட்டுங்களா?”

“வித்துட்டா மலை தூரமாப் போயிருமா?”

அவர் ஆறிய தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

பிறகு சில நாட்கள் இரு பக்கமும் பேச்சில்லை. ஒரு நாள் மதியச் சோற்று நேரம். யாரோ தெரியாத எண்ணிலிருந்து சென்னியப்பனுக்கு அழைப்பு வந்தது.

“பொங்கியண்ணன் பையனுங்களா? இங்க ரெண்டு பேரப் புடிச்சு உக்கார வெச்சிருக்கறமுங்க. வெளியூர்க்காரனுக. உங்க ஊட்டைய வீடியோ எடுத்துப் போன்ல வெச்சுட்டுத் திரியறானுக. உங்கப்பாரு பல்லு வெளக்கறதுகூட அதுல இருக்குதுங்க. களவாணிகன்னு தோணுது. போலீசக் கூப்படறதுக்கு முன்னால உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம்னு.”

சென்னியப்பனுக்கு நான் கேட் பாஸ் எழுதி, நானும் லீவு சொல்லிவிட்டு, இருவரும் ஒரே வண்டியில் போனோம். வேலந்தாவளத்திலிருந்து வடக்கே, மலையைப் பார்த்துப் போகும் சாலையில் நாலைந்து மைல் தள்ளி ஒரு புளியமரத்தடி. ஐந்தாறு பேர் சூழ நின்றார்கள். நடுவில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கொப்பளித்த பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தடித்த ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓர் இளைஞன். பெரியவர் வீடியோ காலில் பார்த்த முகம்தான்.

மொக்கையனும் ஜெகனும் யாருக்கும் சொல்லாமல் வேவு பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். முதல் பஸ்ஸில் உடுமலை, அங்கிருந்து பொள்ளாச்சி, அப்புறம் வேலந்தாவளம். சம்பந்தம் பேசும் இடத்தில் துப்பு விசாரிப்பது எல்லோரும் செய்வதுதான். பெயர் சொல்லிக் கேட்டால் ஆள் தெரிந்துவிடும் என்று யாரிடமும் வீடு கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? வீடியோவில்தான் தெளிவாக இருக்கிறதே: மலையைக் கண்டுபிடித்தால் அதன் அடியில் வீடு. மலை பஸ் ஸ்டாப்பிலிருந்தே தெரிந்தது. அதைப் பார்த்து நடந்தார்கள். நடக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே பொங்கியண்ணன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். அந்த வீட்டின் பின்னால் மலை ஒட்டியிருக்கவில்லை. அதனால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பங்குனி வெயிலில் அப்படியே நடந்து, கால் ஓய்ந்த இடத்தில் கைபேசியைத் தூக்கி மலையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது.

“எதுக்கு வந்தேன்னு கேட்டா, மலை பாக்க வந்தேங்கறானுங்க” என்றார் கையில் தடியோடு நின்றவர். “ஊரு எதுன்னு கேட்டா மூணாறுங்கறான். மூணாத்துக்காரன் மலை பாக்க இங்க வருவானாங்க? நீங்களே சொல்லுங்க.”

சூழ நின்றவர்கள் சிரித்தார்கள். சென்னியப்பன் நேரே போய்ப் பெரியவர் முன்னால் குந்தினார். அவர் ஏறிட்டுப் பார்த்தார். வருங்கால மருமகனிடம் மொக்கையன் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

“ஏய்யா, அந்த மலை எங்கதான்யா இருக்கு?”

“இன்னும் வெகுதூரமுங்க மாமா.”

“நானும் காலையில இருந்து நடக்கேன். கிட்ட வரவே மாட்டேங்குது.” ஜெகன் பக்கம் திரும்பினார். “ஏஐன்னியேடா. இவ்வளவு தூரம் நடக்க வச்சது எந்த ஏஐடா?”

“அப்பா, நீங்கதான கூரை மேல சாஞ்சு நிக்குதுன்னீங்க?”

“சாஞ்சுதான் நின்னுச்சு!”

தடிக்காரர் இன்னும் ஒப்பவில்லை. “மாமாங்கறாரு. அவரு மாமாதானா? நல்லாத் தெரியுமுங்களா?” என்று என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். உறுதி சொன்ன பிறகுதான் விட்டார்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். பொங்கியண்ணன் வாசலுக்கு ஓடி வந்து, “வாங்கொ, வாங்கொ, உள்ள வாங்கொ” என்றார். மொக்கையன் உள்ளே வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல், கெந்திக் கெந்தி, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

“அதென்னுங்க, வந்ததும் பொறத்தாண்ட போறாரு?” என்று சென்னியப்பனின் அம்மா என் காதில் கேட்டார். “சாமானமெல்லாம் எண்ணிப் பாக்கறதுக்குங்களா?”

அது காதில் விழுந்து ஜெகன்தான் பதில் சொன்னான். “எங்க பக்கம் அப்பிடித்தான் அத்த. வீடு பாக்கப் போனா மொதல்ல முதுகுப் பக்கந்தான் பாப்போம். முன்பக்கம் யாரு வேணா பெயிண்ட் அடிப்பாக.”

நாங்களும் பின்னால் போனோம். மொக்கையன் பின்சுவரின் அடியில் குனிந்து, கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். சுவரோரமாக விரலை ஓட்டி வெடிப்புத் தேடினார். மண்ணைக் கிள்ளி நசுக்கினார். அது காய்ந்த பொடியாக உதிர்ந்தது. பிறகு நிமிர்ந்து எதிரே பார்த்தார். அந்தப் பக்கமும் கடலைக் காடு, அதற்கப்பால் தென்னை, அதற்கப்பால் பனை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே சமதரை. எல்லாவற்றுக்கும் கடைசியில், கானலில் நெளிந்துகொண்டு, கைப்பிடி உயரத்துக்கு மலை.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை மட்டும்தானா என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

“இங்க மண்ணு எறங்காது” என்றார் கடைசியில். “எறங்க இடமே இல்ல.”

“எறங்காதுங்க மாமா” என்றார் சென்னியப்பன்.

“வெயிலு மட்டும் ஆளக் கொல்லுது. எம் புள்ள குளுருல வளந்தது.”

“பேன் இருக்குதுங்க. ஏ.சி. கூடப் போட்டரலாமுங்க.”

“போட்டுட்டுச் சொல்லுங்க. வீடியோ அனுப்ப வேணாம், நான் நேர்ல வந்து பாத்துக்கிறேன்.” இரண்டடி நடந்தவர் நின்று திரும்பினார். “கல்யாண அழைப்பு வீடியோ எடுக்க வேற ஆளப் பாருங்க மாப்ள. நீங்க எடுத்தீகன்னா எங்க சொந்தக்காரனுக பாதிப் பேரு, மணமேடை மலைமேல இருக்குன்னு நெனச்சு வராமப் போயிருவானுக.”

அவர் சொன்ன வார்த்தைகளில் ‘மாப்ள’ மட்டும்தான் சென்னியப்பனுக்குக் கேட்டது. கைகால் ஓடாமல் நின்றார். பொங்கியண்ணன்தான் இளநீர் வெட்ட ஓடினார். சென்னியப்பனின் அம்மா மட்டும், “மலைய விட்டாரு, இனி எதையப் புடிக்கறாரோ” என்று முணுமுணுத்துக்கொண்டே காபி வைக்கப் போனார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சென்னியப்பன் இப்போதும் கஞ்சிக்கோட்டில் அதே ஆலையில், அதே இயந்திரத்தில் வேலை பார்க்கிறார். மோனிஷா கொழிஞ்சாம்பாறையில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாள். இருவரும் பொங்கியண்ணன் வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். மொக்கையன் எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கிறது. சாந்தம்மாளோடு அதே லயத்தில் இருக்கிறார்.